இடிக்கும் முன் கேளுங்கள்!

கோவை வெரைட்டி ஹால் ரோட்டுக்குப் பெயர் தந்த கட்டடம் இன்றைக்கு அந்த ரோட்டில் இல்லை. திருச்சியில் ரயில்வே வரைவாளராக வேலை பார்த்த கோவைக்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கினார். வேலையை விட்டார். ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914-ல் கூடாரத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, சொந்த ஊரில் சுவர் எழுப்பிக் கட்டியதுதான் வெரைட்டி ஹால். தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் திரையரங்குகளில் ஒன்று. பிறகு அது டிலைட் என்று பெயர் மாறியது. கூட்டம் குறைந்தது. நூறு வயதைத் தாண்டிய பின், அண்மையில் இடிபட்டது.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. தனியார் சொத்து, உரிமையாளர் முடிவெடுத்தார். இடிக்கலாமா கூடாதா என்று ஊரைக் கேட்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை. கேட்டிருந்தால் ‘இடிச்சுத் தள்ளுங்க’ என்றேகூட ஊர் சொல்லியிருக்கலாம். அங்கே மூட்டைப்பூச்சிக் கடி வாங்கியவர்கள் நிறையப் பேர். ஆனால் அப்படி ஒரு பேச்சே நடக்காமல் போனதுதான் உறுத்துகிறது.

சென்னையில் ஏறக்குறைய அதே வயதுள்ள எலெக்ட்ரிக் தியேட்டர், அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்துக்குள் இன்றும் நிற்கிறது. அருமை தெரிந்து யாரும் அதைக் காப்பாற்றி வைக்கவில்லை. இடம் தபால்துறை கைக்குப் போனது, அஞ்சல்தலை விற்பனைக்கு ஒரு கூடம் தேவைப்பட்டது, கட்டடம் தப்பியது. நம் பக்கத்தில் பழைய கட்டடம் பிழைப்பதும் போவதும் இப்படி யோகத்தைப் பொறுத்ததாகவே இருந்துவந்திருக்கிறது.

யோகத்தை நம்பாமல் முறை ஒன்று வேண்டும் என்பதற்காகத்தான் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் வந்தது. சட்டப்பேரவை அதை நிறைவேற்றியது 2012-ல். நடைமுறைக்கு வந்தது 2024 மார்ச்சில். நீலகிரியில் ஒரு குறிஞ்சி பூத்து அடுத்த குறிஞ்சி பூக்கும் அளவு காலம் அது அலமாரியில் கிடந்திருக்கிறது. எந்தக் கட்டடங்களைக் காக்க வேண்டும், அவற்றில் என்ன மாற்றம் செய்யலாம் என்று அரசுக்கும் திட்ட அனுமதி தரும் அமைப்புகளுக்கும் ஆலோசனை சொல்ல ஓர் ஆணையம் என்பதே சட்டத்தின் சாரம்.

அதற்கு முன்பு சென்னைக்காவது நீதிமன்றத்தின் துணை கிடைத்தது. அண்ணா சாலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-ல் எல்.ஐ.சி. இடிக்கத் தொடங்க, பாரம்பரியக் காப்புக்குப் பாடுபடும் இன்டாக் அமைப்பு வழக்குப் போட, 2010-ல் உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று சொன்னது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு அமைந்ததும் அந்தத் தீர்ப்பின் விளைவுதான். அந்தக் குழுவின் எல்லை சென்னையோடு முடிந்துவிட்டது. கோவையில் ஒரு பழைய கட்டடத்தில் கடப்பாரை விழுந்தால், ஓடிப்போய்ச் சொல்ல ஒரு மேசைகூட இருக்கவில்லை.

எத்தனை வயது ஆக வேண்டும்?

பாரம்பரியம் என்றதும் நம் மனசு கோயில், கோட்டை, அரண்மனை என்றே ஓடும். மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் நூறு வயது கேட்கிறது. நூறு ஆகாத கட்டடத்துக்கு என்ன கதி என்பதற்கு டெல்லி பிரகதி மைதானத்தில் இருந்த ஹால் ஆஃப் நேஷன்ஸ் சாட்சி. ராஜ் ரேவால் வடிவமைத்து, மகேந்திர ராஜ் பொறியியல் கணக்குப் போட்டு, 1972 கண்காட்சிக்காகக் கான்கிரீட்டிலேயே பின்னியெடுத்த கூடம். நாட்டின் பாடப்புத்தகக் கட்டடம். அறுபது வயது ஆகாததால் பாரம்பரியப் பட்டியலுக்குத் தகுதியில்லை என்று அங்குள்ள பாரம்பரியக் குழு கைவிரித்தது. 2017 ஏப்ரலில் ஓர் இரவில் இடித்து முடித்தார்கள்.

அகமதாபாத்தில் கதை கொஞ்சம் வேறு மாதிரி போனது. லூயி கான் கட்டிய ஐ.ஐ.எம். விடுதிகளில் பெரும்பாலானவற்றை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாக 2020 டிசம்பரில் நிர்வாகம் அறிவித்தது. உலகெங்கும் இருந்து கட்டடக்கலைஞர்களும் பழைய மாணவர்களும் எழுதிக் குவித்தார்கள். 2021 ஜனவரி 1 அன்று முடிவு திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டே, பாதுகாப்பில்லை என்று சொல்லி இடிக்கும் யோசனை மறுபடி தலைதூக்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பொதுக்கருத்து ஒரு தடவை ஜெயித்தால் போதாது.

கோவைக்கு இந்த வயசுக் கணக்கு மற்ற ஊர்களைவிட அவசரமான சங்கதி. மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் ஆயிரம் ஆண்டுக் கல் இருக்கிறது. நமக்கும் பேரூர் உண்டு. ஆனாலும் இந்த ஊரை இந்த ஊராக்கியதெல்லாம் கடந்த நூற்றுமுப்பது சொச்சம் ஆண்டுகளில் நடந்தவை. 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முன்நின்று தொடங்கிய கோயமுத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில், ஊர்ப்பேச்சில் ஸ்டேன்ஸ் மில். 1910-ல் லட்சுமி மில். 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்ததும் வரிசையாக எழுந்த பஞ்சாலைகள். ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937-ல் உருவாக்கிய மின் மோட்டார். சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ, புலியகுளம் ரோட்டில் ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா. ‘மலைக்கள்ளன்’ படம் பிறந்த அந்த ஸ்டூடியோ பிறகு கல்யாண மண்டபம் ஆனது. சேலத்திலும் இதே கதி: ஏற்காடு போகும் வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ இருந்த இடமெல்லாம் வீடுகளாகி, முகப்பு வளைவு மட்டும் மிச்சம். 2023-ல் அந்த வளைவு நிற்கும் நிலம் நெடுஞ்சாலைத் துறையுடையதா தனியாருடையதா என்று அரசியல் சண்டையே நடந்தது. வளைவு மிஞ்சிய பிறகு வருகிற கவலை அது. ஸ்டூடியோ போனபோது யாரும் மூச்சுவிடவில்லை.

சங்கு ஓய்ந்த ஆலைகள்

பஞ்சாலைக் கூரையைக் கவனித்துப் பார்த்திருக்கிறீர்களா? ரம்பப் பல் மாதிரி வரிசையாக ஏறி இறங்கும். ஒவ்வொரு பல்லிலும் ஒரு பக்கம் சரிவான ஓடு அல்லது தகடு. செங்குத்தாக நிற்கும் மறுபக்கம் கண்ணாடி. அந்தக் கண்ணாடி வடக்கு பார்த்து இருக்கும். நேர் வெயில் விழாது, நிழலும் ஆடாது, நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம். நூல் அறுந்தது கண்ணுக்குத் தெரியவும், பஞ்சின் நிறம் பிரித்துப் பார்க்கவும் அந்த வெளிச்சம்தான் தோது. உள்ளே வரிசையாக இரும்புத் தூண்கள். சுவரில் ஈரப்பதம் காக்கும் ஏற்பாடு, காற்று உலர்ந்தால் நூல் அறும் என்பதற்காக. வெளியே புகைக்கூண்டு, ஷிப்ட் மாறும்போது ஊதும் சங்கு, மதிலை ஒட்டிய லைன் வீடுகள். பீளமேட்டுப் பக்கத்துப் பெரியவர்களுக்கு மணி பார்க்கக் கடிகாரம் தேவைப்படாத காலம் ஒன்று இருந்தது. மில் சங்கே போதும்.

இதில் ஒரு பகுதி இன்னும் நின்றுகொண்டிருக்கிறது, அதுவும் அரசாங்கத்தின் கையில். நலிந்த ஆலைகளை 1974-ல் நாட்டுடைமையாக்கியபோது தேசியப் பஞ்சாலைக் கழகத்துக்கு வந்தவற்றில் கோவையில் மிஞ்சி ஓடியவை ஐந்து: பங்கஜா, கோயமுத்தூர் முருகன், ரங்கவிலாஸ், கம்போடியா, பிறகு அந்த ஸ்டேன்ஸ் மில். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்குக்காக நிறுத்திய இயந்திரங்கள் திரும்ப ஓடவில்லை. தொழிலாளர்கள் வேலைக்காகவும் பாக்கிச் சம்பளத்துக்காகவும் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கூரையின் அழகைப் பேசினால் அடிக்க வருவார்கள், அது நியாயமும்தான். வயிற்றுப்பாடு தீர்ந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

ஆனால் அந்த ஆலைகளின் சரித்திரத்தைத் தூக்கிச் சுமப்பவர்களும் அதே தொழிலாளர்கள்தாம். ரங்கவிலாஸ் மில்லில் வேலை பார்த்த சின்னியம்பாளையம் ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் ஆகிய நால்வரும் 1946 ஜனவரி 8 அன்று கோவை மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 11-ல் ஸ்டேன்ஸ் மில்லில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 11 பேர் செத்தார்கள். இன்றும் அந்த நாட்களில் செங்கொடியோடு கூட்டம் கூடுகிறது. ஆணையத்தின் சார்பில் ஒரு கட்டடக்கலை நிபுணர் வந்து பார்த்தால் அவருக்குத் தூணும் கூரையும் தெரியும். எந்தக் கேட்டுக்கு முன்னால் யார் விழுந்தார் என்பது தெரியாது. அதை எந்தக் கோப்பிலும் தேடி எடுக்க முடியாது; கேட்டால்தான் வரும். பொதுமக்கள் கருத்துக் கேட்பு என்ற சடங்கு உண்மையாகவே தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

மும்பை ஆலை நிலங்கள் போன போக்கு நமக்குத் தெரியும். 2005-ல் அங்கே தேசியப் பஞ்சாலைக் கழகம் ஐந்து ஆலைகளின் நிலத்தை ஏலத்தில் விற்றது. இன்று பரேல் பக்கம் கோபுரம் கோபுரமாக நிற்கிறது. ஒரு மில்லை மட்டும் ஜவுளி அருங்காட்சியகத்துக்கு என்று ஒதுக்கினார்கள். நம் ஐந்து ஆலைகளும் நகருக்குள்ளேயே இருக்கின்றன. சென்ட் விலை என்ன என்று கோவையில் சின்னப் பையனுக்கும் தெரியும். விற்கும் முடிவு வந்த பிறகு புகைக்கூண்டைக் காப்பாற்றக் கையெழுத்து வேட்டை நடத்துவதில் பிரயோசனம் இல்லை.

காப்பதென்றால் பூட்டி வைப்பது என்று யாரும் மிரள வேண்டாம். அவினாசி ரோட்டில் லட்சுமி மில் வளாகத்துக்குப் போய்ப் பாருங்கள். பழைய ஆலை வளாகம் கடைகளும் சாப்பாட்டு இடங்களுமாக மாறி, 2023-ல் லுலு ஹைப்பர்மார்க்கெட்டும் வந்து, சனி ஞாயிறு என்றால் வண்டி நிறுத்த இடமில்லை. பஞ்சு இருந்த இடத்தில் பலசரக்கா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் வருத்தமில்லை. சொந்தக்காரருக்கு வருமானம் வருகிற கட்டடத்தை யாரும் இடிப்பதில்லை.

‘வீடு எங்களுதுங்க!’

ராஜ வீதி, வைசியாள் வீதி, சுக்கிரவார்பேட்டை போன்ற பழைய பேட்டைகளில் கதை சிக்கலானது. திண்ணை, ஆசாரம், நடுவில் தொட்டிக்கட்டு, பின்னால் பொடக்காளி என்று நீளும் வீடு. அண்ணன் தம்பி நாலு பேர், அக்கா தங்கை பாகம் வேறு. ஒருவர் அமெரிக்காவில். ஓடு மாற்ற ஆள் இல்லை. வருகிற கொத்தனாருக்கு சிமெண்டுதான் தெரியும். சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்டைப் பூசிவிட்டுப் போகிறார். சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, இரண்டே மழையில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்கிறது. ‘பழைய வீடு தாங்காது, இடிச்சுக் கட்டிருங்க’ என்கிறார் அதே கொத்தனார். இந்த நிலையில் இருப்பவரிடம் ‘உங்கள் வீடு பட்டியலில் சேர்ந்துவிட்டது, வாழ்த்துக்கள்’ என்று நோட்டீஸ் வந்தால் என்ன ஆகும்? ‘ஏனுங்க, வீடு எங்களுதுங்க, செலவும் எங்களுது, பெருமை மட்டும் ஊருக்குங்களா?’ என்று கேட்பார். நோட்டீஸ் உறுதியாவதற்குள் பொக்லைன் வந்துவிடும்.

இது கற்பனைப் பயமில்லை. கட்டடப் பாரம்பரியத்துக்கு இந்தியாவிலேயே முதலில் விதி வகுத்த நகரம் மும்பை, 1995-ல். அங்கே 2012-ல் 948 கட்டடங்களும் பகுதிகளும் கொண்ட புதிய பட்டியல் வெளியானபோது எதிர்த்து நின்றவர்களில் சிவாஜி பார்க் குடியிருப்போரும் உண்டு. ‘பட்டியலில் சேர்த்தால் எங்கள் பழைய வீட்டை நாங்களே கட்டிக்கொள்ள முடியாதே’ என்பது அவர்கள் வாதம். அதே மும்பையில் ஓவல் மைதானத்தைச் சுற்றிய 1930களின் ஆர்ட் டெக்கோ அடுக்கு வீடுகளை 2018-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியதில் முன்நின்றவர்களும் அங்கே குடியிருந்தவர்களே. ஒரே ஊர், ஒரே சட்டம். வேறுபாடு எங்கே என்றால், ஓவல் ஆட்கள் பல ஆண்டுகள் உட்கார்ந்து பேசினார்கள். சிவாஜி பார்க்காரர்கள் தங்கள் வீட்டைப் பட்டியலில் அச்சாகி வந்த பிறகு பார்த்தார்கள்.

பேச்சோடு பணமும் வேண்டும். புதுச்சேரியில் தமிழர் பகுதி வீதிகளில் வீட்டு முகப்பைச் செப்பனிடும் செலவில் ஒரு பங்கை இன்டாக் ஏற்றுக்கொண்டு, மீதியை உரிமையாளர் போட்டார். அங்கும் ஒரு வைசியாள் வீதி. இன்றைக்கு அதன் திண்ணைகளைப் பார்க்கவே வெளியூர் ஜனம் வருகிறது. சிங்கப்பூர் தேக்காவின் கடைவீடுகள் 1989-ல் பாதுகாப்புப் பகுதியாயின. கீழே கடை, மேலே குடித்தனம் என்று வியாபாரம் இன்றும் நடக்கிறது. அங்கே போய் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிற நம்மவர்கள், ஒப்பணக்கார வீதியில் தலை நிமிர்ந்து மாடியைப் பார்ப்பதில்லை. சொத்து வரிச் சலுகை, பராமரிப்புக் கடன், கட்டாமல் விட்டுக்கொடுத்த மாடிகளுக்கு வேறு இடத்தில் கட்டும் உரிமை என்று ஏதாவது ஒன்றைக் கையில் கொடுக்காமல் பட்டியல் போடுவது, இடிப்பதற்கு நாள் குறித்துக் கொடுப்பதுதான்.

கேட்கிற முறை

கருத்துக் கேட்பு என்றால் நாம் கண்டது இதுதான்: பத்திரிகையில் பொடி எழுத்தில் அறிவிப்பு, வேலை நாளில் காலை 11 மணிக்குக் கூட்டம், மேடையில் அதிகாரிகள், கீழே நாலைந்து ஆர்வலர்கள், இரண்டு கட்டடக்கலைஞர்கள், ஒரு நிருபர். கோவை மாஸ்டர் பிளான் 2041-இன் வரைவு 2024-ல் மக்கள் பார்வைக்கு வந்தது. அதற்கு முன் ஊருக்கு இருந்தது 1994-இன் மாஸ்டர் பிளான். நம்மாள் அதில் முதலில் தேடியது என்ன? தன் சைட் வழியாகத் திட்டச் சாலை போகிறதா, தன் பூமி விவசாய மண்டலமா குடியிருப்பு மண்டலமா என்பது. குறை சொல்லவில்லை, நானும் அதைத்தான் தேடுவேன். சர்வே எண்ணைத் தேடும் ஆட்களிடம் மரபுக் கட்டடத்தைப் பற்றியும் ஒரு பதிலை எதிர்பார்த்தால் கிடைக்காது. அதற்கென்று தனியாகக் கேட்க வேண்டும்.

அதற்குப் புதிதாக எந்த அமைப்பையும் உண்டாக்க வேண்டியதில்லை. கோவை மாநகராட்சிக்கு 100 வார்டுகள். வார்டு கமிட்டி, ஏரியா சபை என்று 2022-லேயே ஏற்பாடு வந்துவிட்டது. குப்பையும் சாக்கடையும் பேசும் அதே சபையில், ‘இந்த வார்டில் போகக் கூடாத கட்டடம் எது?’ என்று ஒரு கேள்வி. கிராமத்துக்கு ஆண்டுக்கு ஆறு கிராமசபை. காங்கயம், தாராபுரம் பக்கம் தோட்டத்துச் சாளையும் நடுகல்லும் எந்தத் துறையின் பட்டியலிலும் இல்லை. ஊர்க்காரர் சொன்னால்தான் உண்டு. கூட்டம் மாலையில் நடக்கட்டும். பட்டியல் தமிழில், படத்தோடு, தெருப்பெயரோடு இருக்கட்டும். லைன் வீட்டுப் பக்கம் தொழிற்சங்க அலுவலகத்திலும் ஒரு கூட்டம் நடக்கட்டும். வீட்டுக்காரருக்கு அச்சுக்குப் போகும் முன்பே நேரில் ஆள் போய்ச் சொல்லட்டும். ஊர் ‘வேண்டாம்’ என்று சொல்கிற கட்டடத்தை விட்டுவிடும் மனசும் வேண்டும். எல்லாப் பழசும் பொக்கிஷம் ஆகிவிடாது.

எதில் தொடங்குவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தனியார் வீட்டுக் கதவைத் தட்டும் முன் அரசு தன் கட்டடங்களை முதல் பட்டியலில் வைக்க வேண்டும். ஆட்சேபம் சொல்ல அண்ணன் தம்பி இல்லாத சொத்து அவை. சே.ப. நரசிம்மலு நாயுடு போன்றவர்கள் முன்நின்று எழுப்பி, 1892 முதல் நிற்கிற டவுன் ஹால், மாநகராட்சி மன்றம் கூடும் இடம். 1902-ல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம். 1906-ல் சைதாப்பேட்டையிலிருந்து இங்கே வந்த விவசாயக் கல்லூரியின் செங்கல் கட்டடம். அந்த ஐந்து ஆலைகள். அரசுக் கட்டடமென்றால் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம்: புதுச்சேரியில் பிரெஞ்சுக் காலத்து நகர்மன்றமான மேரி கட்டடம் பராமரிப்பில்லாமல் 2014 நவம்பரில் தானாகவே இடிந்து விழுந்தது. இப்போது நிற்பது அதே சாயலில் திரும்பக் கட்டியது.

எல்லாவற்றுக்கும் முன்னால் மத்திய சிறை. 1872-ல் எழுந்தது. வ.உ.சி. 1908 முதல் 1910 வரை செக்கிழுத்தது இங்கே. அந்தச் செக்கு இன்று சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. சின்னியம்பாளையம் நால்வரைத் தூக்கிலிட்டதும் இங்கே. சிறை நிலத்தில் 45 ஏக்கரில் செம்மொழிப் பூங்காவின் முதல் கட்டம் 2025 நவம்பரில் திறந்துவிட்டது. சிறை பிளிச்சிக்கு இடம்பெயர்ந்த பிறகு மீதி இடத்துக்கும் பூங்கா வரும் என்பது திட்டம். பூங்கா வரட்டும், நல்லதுதான். அந்தப் பழைய சிறைக்கட்டடங்களில் எது நிற்கும், எது போகும் என்பதை வரைபடம் தயாராகும் முன்பே ஊரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

வாசகர்களும் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவில் போகக் கூடாது என்று நினைக்கும் ஒரு கட்டடம் இருந்தால் அதன் பெயர், தெரு, கட்டிய ஆண்டு தெரிந்தால் ஆண்டு, அங்கே என்ன நடந்தது என்பதை ஒரு தாளில் எழுதி, ஒரு போட்டோ இணைத்து, வார்டு கவுன்சிலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள். ஏரியா சபையில் வாசித்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாளில் கொடுத்தால் ரசீது வாங்க மறக்காதீர்கள்.